இரண்டு ஃபிரிட்ஜ் இருந்த வீடு

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். குரலிலேயே தலைவலி தெரிந்தது. இப்போதெல்லாம் உதவித்தொகை கேட்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு யாரும் நேரில் போவதில்லையாம். குடும்பத்தோடு வீட்டு முன்னால் நின்று போனில் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம். திருவள்ளூர்ப் பக்கமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் மாடி வீட்டு வாசலில் தீபாவளித் துணியோடு நிற்கிறார்கள். பின்னால் கிரானைட் தூண், பக்கத்தில் கார். விசாரித்தால் அது எதிர்வீடு. ஏன் அங்கே போய் நின்றீர்கள் என்று கேட்டதற்கு, "கம்பெனிக்குப் போற போட்டோ, நல்லா இருக்கணும்ல மேடம்" என்றாராம் அப்பா.

"இது ஏமாத்தா, வெகுளியா, எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?" என்று திவ்யா கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிச்சது போதும், எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்களுக்கு உதவும்" என்று வைத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன். உதவுமா என்பது அவர்கள் பாடு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளி கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, அதில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். பொன்னேரியிலிருந்து திருவள்ளூர் வரை எந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று எனக்குத் தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். என்னைத் தூக்கி அங்கே போட்டுவிட்டார்கள். பயிற்சி என்று எதுவும் கிடையாது. கொட்டிக் கவிழ்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

வேலை சொல்வதற்கு எளிது. அரசுப் பள்ளிகளுக்குப் போய் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், கல்லூரிக்கு யார் யார் எங்கெங்கே பணம் தருகிறார்கள் என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதப் பழக்க வேண்டும். நேர்காணலுக்குத் தயார் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலை இருக்கிறதே, அதுதான் பேஜாரு. எதற்குப் படிக்கிறாய் என்றால் எல்லாப் பிள்ளைகளும் கலெக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்யப் போவதாகவே சொல்லும். வீட்டில் ஆடு மேய்க்கச் சொன்னால் ஓடி ஒளிகிற பயலும் சேவைதான் சொல்வான். "உன்கிட்ட இருக்கற பலவீனம் என்ன?" என்று நேர்காணலில் கேட்டதற்கு, ஒரு பெண் மெதுவாக எழுந்து, "காலைல எழுந்தா தலை சுத்தும் சார்" என்றாள். குழுவில் இருந்தவர்கள் பதறி அவளை உட்கார வைத்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள். உதவித்தொகையும் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் அறக்கட்டளையில் மட்டும் ஒரு விதி உண்டு. வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் பணம். பார்ப்பவர் வரதன் சார்.

வரதன் சார் அதற்கு முன் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். கம்பியை எந்திரத்தில் கொடுத்து வளைத்து, விரிசல் விட்டால் ஒதுக்கித் தள்ளுவார். அதே கையோடு வீடுகளுக்கும் வந்துவிட்டார். மனிதர் எவரையும் நம்ப மாட்டார். உலகத்தில் எல்லோரும் ஏழை வேஷம் போடுகிறார்கள் என்பது அவருடைய தீர்மானம். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவார். வாசலில் கிடக்கும் செருப்புகளைக் குனிந்து பார்ப்பார். உள்ளே நுழைந்ததும், கை கழுவ வேண்டும் என்பார். அது கை கழுவ அல்ல, பின்பக்கத்தில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தம் எடுப்பார். தண்ணீர் கொடுத்த டம்ளரில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் மட்டமான எவர்சில்வர், குடும்பம் ஏழை. ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு, சந்தேகம். தண்ணீரை மட்டும் குடிக்க மாட்டார். கை நனைத்தால் கணக்கு சாய்ந்துவிடும் என்பார். எந்த வீட்டிலும் தரையில்தான் உட்காருவார். நாற்காலியில் உட்கார்ந்தால் கட்டிலுக்கு அடியில் இருப்பது தெரியாதாம்.

அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேப்பம்பட்டில் ஒரு வீட்டில் சாமி அலமாரி என்று ஒன்றைக் காட்டினார்கள். மேலே சிவப்புத் துணி, மாலை, முருகர் படம், எரிகிற ஊதுபத்தி. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் சாமி சாமிதானே. வரதன் சார் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் முருகர் கர்ரென்று உறுமினார். துணியைத் தூக்கினால் உள்ளே இரண்டு கதவு ஃபிரிட்ஜ். இன்னொரு வீட்டில் மோட்டார் பைக்கை வைக்கோல் போரில் புதைத்திருந்தார்கள், பின்சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. நெல்வயல் வைத்திருந்த ஒருவர் தன் டிராக்டரைக் கோயில் டிராக்டர் என்றார். ஒளித்ததைக் கண்டுபிடிப்பதில் வரதன் சாரை மிஞ்ச ஆள் கிடையாது. எஸ்தர் வீட்டில் அவர் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

எஸ்தர் வள்ளூர்ப் பக்கத்துக் காலனிப் பெண். அப்பா தேவராஜ் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறவர். அம்மா கன்னியம்மா இறால் கம்பெனியில் தோல் உரிப்பவர். அவர்களுடைய அப்பன் பாட்டன் எல்லாம் பிறத்தியார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எஸ்தருக்குக் கப்பல் கட்டும் பொறியியல் படிக்க வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் வழியில்லை. எங்கள் பணம் வந்தால் கல்லூரி. வராவிட்டால், தெருமுனையில் தினமும் வந்து நிற்கும் போன் கம்பெனி வேனில் வேலைக்கு ஏற வேண்டியதுதான். வேன்காரரிடம் தேவராஜ் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தார். திங்கட்கிழமை அவள் ஏறுவாள் அல்லது ஏற மாட்டாள், அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண்ணைப் போல ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எப்படியாவது அவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன்.

எந்த நாளில் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. எங்கள் ஜீப் ஓட்டுநர் ஏழுமலை முந்தின நாள் டீக்கடையில், நாளைக்குக் காலனிப் பக்கம் சவாரி என்று சொல்லிவிட்டார். அந்தக் கடையில் வடை போடும் பெண்ணின் அக்கா நாகம்மாள், எஸ்தருக்குப் பக்கத்து வீடு. போதாதா?

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தாலும், சாவுக்கு உறவுமுறை வந்தாலும், ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் தெரு முழுக்க வந்ததாகக் கணக்கு. வருகிறவர் உட்கார நாற்காலி இல்லையென்றால் அது அந்த வீட்டின் குறை அல்ல, தெருவின் குறை. மறுநாள் காலையில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தெரு தன் மானத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டுபோய் எஸ்தர் வீட்டில் வைத்துவிட்டது.

வரதன் சார் வழக்கம் போல வாசலில் குனிந்தார். தேய்ந்த ரப்பர் செருப்புகள். தலையாட்டிக்கொண்டார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அதற்குள் ஒரு சிவப்பு சோபா. ஒரு வாஷிங் மெஷின். சுவரளவு டிவி ஒன்று அரிசி டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்ணாடி அலமாரியில் யாரோ கபடியில் வாங்கிய கோப்பைகள். இரண்டு ஃபிரிட்ஜ்கள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நாகம்மாளும் எதிர்வீட்டு சரோஜாவும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒருத்தி கொண்டுவந்தால் இன்னொருத்தி விடுவாளா? கன்னியம்மா கழுத்தில் கயிறு போலத் தடித்த சங்கிலி. அவள் மூச்சுவிடவே பயந்துகொண்டு நின்றாள். சன்னலில் தெருவே முகம் வைத்திருந்தது.

வரதன் சார் கை கழுவ வேண்டும் என்றார். பின்பக்கம் போக வழியில்லை, வாஷிங் மெஷின் மறித்தது. தரையில் உட்காரப் பார்த்தார். தரையும் இல்லை. "சோபால உக்காருங்க சார், நம்ம ஊட்டுதுதான்" என்று சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. தேவராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு ஜமீன்தாரைப் போல நின்றிருந்தார். வேறு வழியில்லாமல், பணிக்காலத்தில் முதல் முறையாக வரதன் சார் சோபாவில் உட்கார்ந்தார். டம்ளரில் தண்ணீர் வந்தது. காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. தங்கம் போலச் சரக்கு.

"இதெல்லாம் உங்களுதா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் தேவராஜ்.

அந்த நேரம் பார்த்து, லுங்கி கட்டிய ஒருவர் உள்ளே வந்தார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். யாரையும் பார்க்கவில்லை. நேரே பெரிய ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, மடமடவென்று தண்ணீர் குடித்து, மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நாகம்மாளின் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் எங்கே போனதோ அங்கே அவரும் வந்துவிட்டார், அவ்வளவுதான். வரதன் சார் யாரென்று விசாரிக்க, தேவராஜ் கண்ணிமைக்காமல் சொந்தக்காரர் என்றார். கொஞ்சம் கழித்து ஒரு பெண் வந்து அடுத்த ஃபிரிட்ஜிலிருந்து தோசை மாவு எடுத்துப் போனாள். அவளும் சொந்தம்.

வரதன் சார் எஸ்தரைக் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார், படித்து முடித்ததும் முதல் வேலையாக என்ன செய்வாய் என்று. நான் அவளுக்குச் சேவையெல்லாம் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"கப்பலுக்குள்ள ஏறிப் பாக்கணும் சார்" என்றாள். "எங்கப்பா இத்தினி வருசமா லோடு ஏத்தினுகிறாரு. ஒரு வாட்டி கூட உள்ள வுட்டது இல்ல. நான் அவர இட்டுக்கினு போவணும்."

வரதன் சார் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ், இரண்டு. வாஷிங் மெஷின், ஒன்று. நான் அவர் காதோரம் குனிந்து, சார், இது இரவல் சார், ஒற்றை பிளக் இருக்கிற வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜா என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நான் கண்ணால பாத்தத எழுதறேன், மேரி. அவங்க வாயாலயே இல்லன்னு சொன்னா அடிச்சிடறேன்" என்றார்.

தேவராஜை ஓரமாக அழைத்துப்போய்க் கெஞ்சினேன். மனிதர் மசியவில்லை. "என் மானத்துக்குன்னு தூக்கியாந்து வெச்சிருக்காங்க மேடம். அவங்க மூஞ்சிக்கு நேரா என்னுது இல்லன்னு எப்படி சொல்லுவேன்?" என்றார். அப்படியானால் பொண்ணு திங்கட்கிழமை வேனில் ஏறுவாளே என்றேன். எஸ்தர் ஒரு ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி தலை குனிந்து நின்றாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏழையாக இருக்கத் தெரியாத ஏழைகளை என்னதான் செய்வது? விறுவிறுவென்று தெருவுக்கு வந்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உள்ளே ஆபீசர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைச் சொன்னேன். பொய் ஒரு சொல் கிடையாது. "அங்க இருக்கறதெல்லாம் தேவராஜ் சொத்துன்னு கம்பெனி கணக்குல ஏறிக்கினு இருக்குது. மை காயறதுக்குள்ள யாருக்காவது இன்னாவாவது சொல்லணும்னா சொல்லிக்கங்க" என்றேன்.

முதலில் சரோஜா ஓடினாள். அவளைப் பார்த்து நாகம்மாள் ஓடினாள். அதற்கப்புறம் தெருவே அந்த ஒற்றை அறைக்குள் பாய்ந்தது. இது நம்மளுது, அது எங்களுது என்று ஒரே சந்தை. இரண்டு ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து கதவில் சிக்கிக்கொண்டன. யார் முதலில் போவது என்று அங்கேயும் ஒரு சண்டை. டிவி போனது. கபடிக் கோப்பைகளை யாரோ மடியில் அள்ளிக்கொண்டார். சோபாக்காரர்கள் வரதன் சார் உட்கார்ந்திருக்கும்போதே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஊர்வலம் போல வந்தார். வாசற்படியில்தான், "சார், கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

எல்லாம் போன பிறகு நாகம்மாள் திரும்பி வந்தாள். ஃபிரிட்ஜைத் தள்ளியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கன்னியம்மா கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். நாகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "நைனா, தப்பா நெனச்சிக்காதே" என்று தேவராஜிடம் சொன்னாள். தேவராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அறையில் அரிசி டிரம், அடுப்பு, ஒரு பாய், எஸ்தரின் புத்தகங்கள் இருந்த சாக்குப் பை. அவ்வளவுதான் இருந்தது. வரதன் சார் உள்ளே வந்து நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காந்தத்தை எடுத்தவர், வைத்துப் பார்க்க எதுவும் இல்லாததால் அதைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு கன்னியம்மாவிடம் குடிக்க டீ இருக்கிறதா என்று கேட்டார். நான் திடுக்கிட்டேன். அத்தனை வருடத்தில் அவர் எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பால் கொண்டுவருகிறேன் என்று வெளியே இரண்டு குரல்கள் கேட்டன. வேண்டாம், இந்த வீட்டில் இருப்பது போதும் என்று கையைக் காட்டினார். டம்ளர்களும் இரவல் என்பதால் அவையும் போயிருந்தன. கன்னியம்மா தேவராஜின் டிபன் கேரியர் மூடியில் பால் இல்லாத வரட்டீ ஊற்றிக் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம், "ஒளிச்சு வெச்சா கண்டுபிடிச்சிடுவேன். இவங்கள எந்த மெஷின்ல குடுத்து வளைக்கறது, சொல்லு?" என்றார். அந்த வாரமே பணம் அனுமதியானது. திங்கட்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் அனுமதிக் கடிதத்தைக் கொடுக்கப் போனபோது தேவராஜ் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, "பொண்ணுக்குப் படிப்பு குடுத்தீங்க மேடம். தெருவுல என் தலைய வாங்கினீங்க" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். எஸ்தர் விடுதிக்குக் கிளம்பிய அன்று பெட்டியும் பக்கெட்டும் போர்வையும் தெருவே கொடுத்தது, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தது. தேவராஜ் எல்லோரோடும் சிரித்துப் பேசினார். என்னைப் பார்த்தால் மட்டும் வேறு பக்கம் போனார். அது எனக்குப் பல வருடம் வலித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தேன், அந்த வீட்டு வாசல் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் எஸ்தர் போனில் அழைத்தாள். கப்பல் கட்டும் இடத்தில் வேலை, கடன் வாங்கி வேப்பம்பட்டில் சின்னதாக வீடு, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறோம், அவசியம் வர வேண்டும் என்றாள். அப்பாவைக் கப்பலுக்குள் கூட்டிப் போனதையும் சொன்னாள். உள்ளே போனவர் எஞ்சின் அறையைப் பார்க்கவில்லையாம், லோடு எங்கே போய் இறங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டாராம். தயங்கித் தயங்கித்தான் போனேன். காலனித் தெருவே ஒரு வேன் பிடித்து வந்திறங்கியிருந்தது. ஹாலில் ஒரே ஒரு ஃபிரிட்ஜ். நான் செருப்பைக் கழற்றும்போதே, நரைத்துப்போன ஒருவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். ஃபிரிட்ஜைத் திறந்தார், பாட்டிலை எடுத்தார், மடமடவென்று குடித்தார், மூடிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நாகம்மாளின் வீட்டுக்காரர். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த பாட்டிலு அவருக்குன்னே வெச்சது மேடம்" என்றாள் எஸ்தர்.

ஹாலில் கூட்டம், உட்கார இடமில்லை. சுவரோரமாக நின்றேன். தேவராஜ் என்னைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போனார். இன்னமும் கோபம் போகவில்லை போலிருக்கிறது, சாப்பிடாமல் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத புது நாற்காலி. எனக்கு முன்னால் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் அதை ஒரு தடவை துடைத்தார்.

"உக்காருங்கம்மா" என்றார். "இது நம்ம ஊட்டுதுதான்."